இல்யா மெச்னிக்கோவ்

இல்யா இல்யிச் மெச்னிக்கோவ் (மே 15, 1845 – ஜூலை 15, 1916) ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். வாழ்நாளின் பிற்பகுதியைப் பிரான்சில் கழித்தமையால் எலீ மெச்னிக்கோவ் என்னும் பெயராலும் அறியப்படுகிறார். உடலுக்குள் நுழையும் நோய்க்கிருமிகளைச் சில உயிரணுக்கள் சூழ்ந்து, விழுங்கி, செரித்து அழிக்கின்றன என்பதை இவர் கண்டறிந்தார். இவ்வுயிரணுக்கள் விழுங்கணுக்கள் (ஃபாகோசைட்டுகள்) எனப்படுகின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 1908 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஜெர்மானிய அறிவியலாளர் பவுல் ஏர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

இவருடைய காலத்தில் லூயி பாஸ்டர், ராபர்ட் கோக் ஆகியோரின் ஆய்வுகளால் நோய்களுக்குக் காரணம் கிருமிகளே என்பது நிறுவப்பட்டு வந்தது. ஆனால் கிருமி நுழைந்த பின்னர் உடல் என்ன செய்கிறது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை இருக்கவில்லை. தொற்று என்பது கிருமியின் செயல் மட்டுமன்று, கிருமிக்கும் உடலின் உயிரணுக்களுக்கும் இடையே நிகழும் போராட்டம் என்ற விடையை முன்வைத்தவர் மெச்னிக்கோவ். மருத்துவக் கல்வி பெறாத ஒருவர் கூறிய இக்கருத்து ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இளமையும் கல்வியும்

மெச்னிக்கோவ் இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் பகுதியில் உள்ள இவானிவ்கா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இல்யா இவானோவிச் பேரரசின் காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். தாய் எமிலியா நெவகோவிச் யூத எழுத்தாளர் ஒருவரின் மகள். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைசி. மூத்தவர்களுள் ஒருவரான லெவ் மெச்னிக்கோவ் புவியியலாளராகப் புகழ்பெற்றார். மற்றொரு தமையனான இவான் நீதித்துறையில் பணியாற்றியவர். அவருடைய நோயும் இறப்புமே லியோ டால்ஸ்டாய் எழுதிய இவான் இல்யிச்சின் மரணம் என்னும் குறுநாவலுக்கு அடிப்படையாயின.

சிறுவயதிலேயே செடிகொடிகளிலும் சிற்றுயிர்களிலும் இவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. 1862 இல் கார்கிவ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலத் தொடங்கி, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். சார்லஸ் டார்வினின் படிமலர்ச்சிக் கொள்கை இக்காலத்தில் இவரைப் பெரிதும் கவர்ந்தது. எளிய உயிரினங்களுக்கும் உயர் விலங்குகளுக்கும் இடையே உள்ள உறவைத் தேடும் நோக்கு, இவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் காணப்படுகிறது.

பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கடல்வாழ் உயிரினங்களின் கருவியலை ஆராய்ந்தார். 1865 இல் ஜெர்மனியின் கீசன் நகரில், தட்டைப்புழு ஒன்றின் உணவுச் செரிமானம் குடற்குழிக்குள் அன்றி உயிரணுக்களுக்கு உள்ளேயே நடைபெறுவதைக் கண்டார். அமீபா உணவை உட்கொள்வது போலவே பல உயிரணு விலங்கின் உயிரணுக்களும் உணவை உட்கொள்கின்றன என்னும் இவ்வுண்மை, பதினேழு ஆண்டுகள் கழித்து இவருடைய முதன்மையான கண்டுபிடிப்புக்கு அடித்தளமாக அமைந்தது. நேப்பிள்சில் அலெக்சாண்டர் கொவலெவ்ஸ்கியுடன் இணைந்து பணியாற்றினார். இருவருக்கும் 1867 இல் கார்ல் எர்ன்ஸ்ட் பான் பேயர் பெயரிலான பரிசு வழங்கப்பட்டது.

ஒடெசாவில் துயரமான ஆண்டுகள்

மெச்னிக்கோவ் 1869 இல் லுட்மிலா பெதரோவிச் என்பவரை மணந்தார். மணமகள் அப்போதே காசநோயால் நலிந்திருந்தமையால், திருமணத்துக்காக நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். 1870 இல் ஒடெசாவில் இருந்த பல்கலைக்கழகத்தில் விலங்கியல், ஒப்பீட்டு உடற்கூற்றியல் பேராசிரியராக மெச்னிக்கோவ் பொறுப்பேற்றார். மனைவியின் உடல்நலம் கருதி மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்களுக்கு அவரை அழைத்துச் சென்றார். இதற்கான செலவை ஈடுகட்டக் கூடுதல் வேலைகளையும் மேற்கொண்டார். இவருடைய கண்பார்வையும் இக்காலத்தில் பாதிக்கப்பட்டு, நுண்ணோக்கியைப் பயன்படுத்துவது கடினமாயிற்று. லுட்மிலா 1873 இல் மதீரா தீவில் காலமானார். மனமுடைந்த மெச்னிக்கோவ் அளவுக்கு மீறி அபினியை உட்கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்துக்கொண்டார்.

1875 இல் தம் மாணவியான ஓல்கா பெலகோபித்தவாவை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஓல்கா 1880 இல் டைபாய்டு காய்ச்சலால் உயிருக்குப் போராடினார். அவர் பிழைத்தாலும், பல்கலைக்கழகத்தில் நிலவிய பூசல்களாலும் உடல்நலிவாலும் மெச்னிக்கோவின் மனநிலை குலைந்தது. 1881 இல் மீள்காய்ச்சல் நோயாளியின் குருதியைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். இந்நோய் குருதி வழியே பரவுமா என அறிவதும், சாவு நேர்ந்தால் அதனை ஏற்பதும் ஆகிய இரு நோக்கங்களும் இச்செயலில் கலந்திருந்தன. கடும் காய்ச்சலுக்குப் பின் உயிர் பிழைத்த இவர், அதன்பின் வாழ்வைப் பற்றிய நம்பிக்கையான நோக்கை அடைந்தார்.

அதே ஆண்டில் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்கள் மீதான அரசின் கட்டுப்பாடு இறுகியது. 1882 இல் மெச்னிக்கோவ் பதவி விலகினார்.

மெசினா ஆய்வு

1882 இன் இறுதியில் மெச்னிக்கோவ் தம் மனைவியுடனும், பெற்றோரை இழந்த மனைவியின் தம்பி தங்கையருடனும் சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். கடற்கரையை ஒட்டிய வீட்டின் வரவேற்பறையே இவருடைய ஆய்வுக்கூடமாக இருந்தது. ஒரு நாள் குடும்பத்தினர் சர்க்கஸ் காணச் சென்றிருந்தபோது, இவர் தனித்திருந்து நட்சத்திர மீனின் லார்வாவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் அந்த லார்வாவின் உடலுக்குள் சில உயிரணுக்கள் அமீபாவைப் போல இடம்விட்டு இடம் நகர்வது தெரிந்தது.

உணவைச் செரிக்கும் இத்தகைய உயிரணுக்கள், தீங்கு செய்யும் அயற்பொருள்களிலிருந்து உடலைக் காப்பதற்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. அவ்வாறாயின், லார்வாவின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால் உயிரணுக்கள் அதனைச் சூழ்ந்துகொள்ள வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் இருந்த ரோசாச் செடியின் சிறு முட்களை எடுத்துச் சில லார்வாக்களின் தோலுக்கு அடியில் செருகினார். மறுநாள் விடியற்காலையில் பார்த்தபோது முட்களைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன.

இந்த எளிய சோதனையின் முதன்மையை உணர, அன்றைய மருத்துவக் கருத்துகளை அறிதல் வேண்டும். காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை அழற்சி என்கிறோம். அழற்சி என்பது குருதிக்குழாய்ச் சுவர்கள் பழுதடைவதால் ஏற்படும் கேடு எனவும், வெள்ளையணுக்கள் குழாயிலிருந்து கசிந்து வெளியேறுகின்றன எனவும் நோயியலாளர் பலர் கருதினர். வெள்ளையணுக்களுக்குள் கிருமிகள் காணப்பட்டதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் கிருமிகளே அவற்றுக்குள் புகுந்துகொள்கின்றன என்றும், அவ்வணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து சென்று நோயைப் பரப்புகின்றன என்றும் விளக்கம் கூறினர்.

நட்சத்திர மீன் லார்வாவுக்குக் குருதிக்குழாய்களும் இல்லை, நரம்பு மண்டலமும் வளர்ந்திருப்பதில்லை. இருந்தும் உயிரணுக்கள் முள்ளை நோக்கித் தாமாகவே நகர்ந்து வந்தன. ஆகவே அழற்சியின் அடிப்படை குருதிக்குழாய்களின் பழுது அன்று, அயற்பொருளை எதிர்க்கும் உயிரணுக்களின் செயலே என மெச்னிக்கோவ் முடிவு செய்தார். மனிதனின் காயத்தில் தோன்றும் சீழும், அதில் நிறைந்திருக்கும் வெள்ளையணுக்களும் இதே எதிர்ப்பின் வெளிப்பாடு என்றார். நோயின் அறிகுறி என எண்ணப்பட்ட ஒன்றை, உடலின் தற்காப்பு என இவர் விளக்கினார்.

அவ்வேளையில் மெசினாவுக்கு வந்திருந்த நோயியல் அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ இந்த ஆய்வைக் கண்டு ஊக்கமளித்தார். எனினும் மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாக நம்புவதால் எச்சரிக்கையுடன் செயற்படுமாறு அறிவுறுத்தினார். வியன்னாவில் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளாவுசைச் சந்தித்தபோது, இவ்வுயிரணுக்களுக்கு விழுங்கும் உயிரணு எனப் பொருள்படும் ஃபாகோசைட் என்னும் கிரேக்கச் சொல் பரிந்துரைக்கப்பட்டது. முதல் ஆய்வுக்கட்டுரை 1883 இல் வெளிவந்தது.

நீர்த்தெள்ளும் அடைப்பான் நோயும்

முள் உயிரற்றது. உயிருள்ள நோய்க்கிருமியையும் உயிரணுக்கள் எதிர்க்கும் எனக் காட்ட வேண்டியிருந்தது. இதற்கு மெச்னிக்கோவ் நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா) என்னும் நுண்ணிய விலங்கைப் பயன்படுத்தினார். இதன் உடலும் ஒளி ஊடுருவக் கூடியது. ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகளை நீர்த்தெள்ளு உணவுடன் விழுங்குகிறது. அவை குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நுழைகின்றன. அங்கே குருதியணுக்கள் அவற்றைச் சூழ்ந்து சிதைக்கின்றன. வித்துகள் சிலவாக இருப்பின் நீர்த்தெள்ளு பிழைக்கிறது. அணுக்களிடமிருந்து தப்பிய வித்து முளைத்துப் பெருகினால், பூஞ்சை அணுக்களையே அழித்து விலங்கைக் கொன்றுவிடுகிறது.

ஒரு தொற்றுநோயின் தொடக்கம் முதல் முடிவு வரை, உயிருள்ள விலங்கின் உடலுக்குள் நேரடியாகக் காணப்பட்ட அரிய நிகழ்வு இதுவாகும். ஃபிர்கோவின் ஆய்விதழில் 1884 இல் இக்கட்டுரை வெளியானது. இப்பூஞ்சை அடங்கிய பேரினத்துக்குப் பின்னாளில் மெச்னிக்கோவின் பெயரே சூட்டப்பட்டது.

அடுத்து இவர் ஆராய்ந்தது கால்நடைகளைத் தாக்கும் அடைப்பான் நோயை (ஆந்த்ராக்ஸ்) உண்டாக்கும் பாக்டீரியா ஆகும். வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளை முயலின் உடலில் செலுத்தியபோது, வெள்ளையணுக்கள் அவற்றைப் பெருமளவில் விழுங்கின. வீரியமிக்க கிருமிகளைச் செலுத்தியபோது மிகச் சிலவே விழுங்கப்பட்டன, முயலும் இறந்தது. ஆனால் முன்னரே தடுப்பு ஏற்றப்பட்ட முயல்களில் வீரியமிக்க கிருமிகளும் விழுங்கப்பட்டன. தடுப்பூசியால் கிடைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் விழுங்கணுக்களுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதனை இவர் சான்றாகக் கொண்டார்.

விழுங்கணுக்களை இவர் இரு வகையாகப் பிரித்தார். குருதியில் உலவி, காயம்பட்ட இடத்துக்கு விரைந்து வரும் சிறிய அணுக்களைச் சிறுவிழுங்கணுக்கள் என்றார். இவை இன்று நியூட்ரோஃபில்கள் எனப்படுகின்றன. திசுக்களில் தங்கி, பெரிய துகள்களையும் இறந்த உயிரணுக்களையும் அகற்றுபவற்றைப் பெருவிழுங்கணுக்கள் (மேக்ரோஃபேஜ்கள்) என்றார். இரண்டாவது பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

பாஸ்டர் நிறுவனம்

வெறிநாய்க்கடிக்கு எதிரான பாஸ்டரின் தடுப்பூசி 1885 இல் வெற்றி பெற்றதை அடுத்து, 1886 இல் ஒடெசாவில் ரஷ்யப் பேரரசின் முதல் பாக்டீரியாவியல் நிலையம் தொடங்கப்பட்டது. மெச்னிக்கோவ் அதன் இயக்குநரானார். இவர் மருத்துவர் அல்லர் என்பதால் உள்ளூர் மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அடைப்பான் தடுப்பூசி இடப்பட்ட ஆடுகள் பெருமளவில் இறந்ததும் நிலையத்தின் நற்பெயரைக் கெடுத்தது.

1887 இல் வியன்னாவில் நடந்த மாநாட்டுக்குச் சென்ற இவர், அமைதியாக ஆய்வு செய்யத் தக்க இடத்தைத் தேடினார். பெர்லினில் கோக் இவருடைய நுண்ணோக்கித் தகடுகளைப் பார்த்துவிட்டு ஆர்வம் காட்டவில்லை. பாரிசில் பாஸ்டர் இவரை அன்புடன் வரவேற்று, புதிதாக அமையவிருந்த நிறுவனத்தில் தனி ஆய்வுக்கூடம் வழங்கினார். 1888 இல் பாரிசில் குடியேறிய மெச்னிக்கோவ், இறுதி வரை பாஸ்டர் நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

இவருடைய ஒடெசா மாணவர்களுள் ஒருவரான வால்டெமர் ஹாஃப்கின் 1889 இல் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு வாந்திபேதிக்கு (காலரா) எதிரான தடுப்பூசியை உருவாக்கி, 1892 இல் தம் உடலிலேயே சோதித்தார். 1893 இல் இந்தியாவுக்கு வந்து பல்லாயிரம் பேருக்குத் தடுப்பூசி இட்டார். 1896 இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது அதற்கும் தடுப்பூசி உருவாக்கினார். மும்பையில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

உயிரணுவா, குருதிநீரா?

மெச்னிக்கோவின் கொள்கைக்கு எதிரான சான்றுகள் 1888 முதல் தொடர்ந்து வெளிவந்தன. உயிரணுக்கள் நீக்கப்பட்ட குருதிநீரும் (சீரம்) பாக்டீரியாக்களைக் கொல்கிறது என ஜார்ஜ் நட்டால் காட்டினார். ஹான்ஸ் புக்னர் இவ்வாற்றல் வெப்பத்தால் அழிகிறது எனக் கண்டறிந்தார். 1890 இல் எமில் பான் பேரிங், கித்தசாத்தோ சிபசபுரோ ஆகியோர் தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் கிருமிகள் வெளியிடும் நச்சை முறிக்கும் பொருள் குருதிநீரில் தோன்றுவதை நிறுவினர். இப்பொருள்களே பின்னர் பிறபொருளெதிரிகள் எனப்பட்டன.

இதனால் நோயெதிர்ப்பியலாளர் இரு அணிகளாகப் பிரிந்தனர். எதிர்ப்பாற்றல் குருதிநீரில் உள்ளது என்பது பெரும்பாலும் ஜெர்மானியரின் கொள்கையாக இருந்தது. உயிரணுக்களில் உள்ளது என்பது பாரிசில் மெச்னிக்கோவின் கொள்கை. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 1870–71 இல் நடந்த போரின் கசப்பும் இவ்வறிவியல் விவாதத்தைக் கூர்மையாக்கியது.

கடுமையான தாக்குதல் 1894 இல் ரிச்சர்டு பைஃபரிடமிருந்து வந்தது. வாந்திபேதிக்கு எதிராகத் தடுப்பு ஏற்றப்பட்ட கினிப் பன்றியின் வயிற்றறையில் அந்நோயின் கிருமிகளைச் செலுத்தியபோது, அவை எந்த உயிரணுவாலும் விழுங்கப்படாமலேயே சில நிமிடங்களில் கரைந்து போயின. விழுங்கணுக்கள் சிதையும்போது அவற்றிலிருந்து கசியும் பொருளே இதற்குக் காரணம் என மெச்னிக்கோவ் வாதிட்டார். அவ்விளக்கம் நிலைபெறவில்லை.

விடை கிடைத்தது மெச்னிக்கோவின் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே ஆகும். அங்குப் பணியாற்றிய பெல்ஜிய இளைஞர் ஜூல் போர்டே, கிருமிகள் கரைவதற்குக் குருதிநீரில் இரு பொருள்கள் தேவை என 1895 இல் கண்டார். ஒன்று வெப்பத்தைத் தாங்குவது, தடுப்பு ஏற்றத்தால் உண்டாவது. மற்றொன்று வெப்பத்தால் அழிவது, எல்லா விலங்குகளின் குருதியிலும் இயல்பாக இருப்பது. முன்னது பிறபொருளெதிரி, பின்னது நிரப்புப்புரதம். தம் ஆசிரியரின் கொள்கைக்கு எதிரான தரப்பை வலுப்படுத்திய இவ்வாய்விற்காகப் போர்டே பின்னாளில் 1919 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார்.

இரு கொள்கைகளுக்கும் இடையே பாலம் அமைத்தவர்கள் இங்கிலாந்தின் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளசும் ஆவர். குருதிநீரில் உள்ள சில பொருள்கள் பாக்டீரியாவின் மேற்பரப்பில் படிந்து, விழுங்கணுக்கள் அதனை எளிதில் விழுங்குமாறு செய்கின்றன என 1903 இல் இவர்கள் காட்டினர். இப்பொருள்களுக்கு ஆப்சோனின் எனப் பெயரிட்டனர். உயிரணுவும் குருதிநீரும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, ஒன்றுக்கொன்று துணை என்பது இதனால் தெளிவாயிற்று. உயிரணுக் கொள்கையின் மெச்னிக்கோவுக்கும் குருதிநீர்க் கொள்கையின் ஏர்லிக்குக்கும் 1908 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது இந்த இணக்கத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

பிற ஆய்வுகள்

1892 இல் பிரான்சில் வாந்திபேதி பரவியபோது, ஒரே கிருமி சிலரை மட்டும் தாக்குவது ஏன் என அறிய மெச்னிக்கோவ் அக்கிருமிகளைத் தாமே குடித்தார். இவருக்கு நோய் வரவில்லை. இதே சோதனைக்கு முன்வந்த மற்றொருவர் இறக்கும் நிலைக்குச் சென்று மீண்டார். குடலில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்கள் நோய்க்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கவோ தூண்டவோ கூடும் என்னும் கருத்துக்கு இது இவரை இட்டுச் சென்றது.

1903 இல் எமில் ரூ என்பவருடன் சேர்ந்து, மேகநோயை (சிபிலிஸ்) சிம்பன்சிக் குரங்குக்குத் தொற்றச் செய்ய இயலும் எனக் காட்டினார். இதனால் அந்நோயை ஆய்வுக்கூடத்தில் ஆராய வழி பிறந்தது.

முதுமை பற்றிய ஆய்வில் இவர் பெரிதும் ஈடுபட்டார். முதுமையைப் பற்றிய அறிவியல் துறைக்கு ஜெரன்டாலஜி என்னும் பெயரை இவரே 1903 இல் வழங்கினார். பெருங்குடலில் உணவு அழுகுவதால் உண்டாகும் நச்சுகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அவ்வழுகலைத் தடுக்கும் என்றும் கருதினார். பல்கேரிய மக்களின் தயிரில் காணப்படும் பாக்டீரியாவைப் பரிந்துரைத்து, புளித்த பாலைத் தாமும் நாள்தோறும் உட்கொண்டார். இதன் விளைவாக ஐரோப்பிய நகரங்களில் தயிருக்குப் பெரும் வரவேற்பு ஏற்பட்டது. பெருங்குடல் பயனற்ற உறுப்பு என்னும் இவருடைய கருத்து தவறானது. பல்கேரியத் தயிரின் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆயினும் குடல்வாழ் நுண்ணுயிரிகள் உடல்நலத்தைப் பாதிக்கின்றன என்னும் அடிப்படைக் கருத்து இன்று விரிவான ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது.

1911 இல் காசநோயை ஆராய்வதற்காகக் கல்மிக்கியப் புல்வெளிகளுக்கு ஓர் ஆய்வுக்குழுவுடன் சென்றார். அங்கு நகரங்களிலிருந்து விலகி வாழ்ந்த மக்கள், காசநோய்க் கிருமியை முன்னர் எதிர்கொள்ளாதவர்கள். நகரங்களுக்கு வந்தபோது அவர்களை அந்நோய் கடுமையாகத் தாக்கியது. நகர மக்கள் வலுக்குறைந்த தொற்றுக்கு இளமையிலேயே ஆளாகி, ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றனர் என இவர் கருதினார்.

இறுதிக்காலம்

1909 இல் ரஷ்யாவுக்குச் சென்றபோது யாஸ்னயா பொல்யானாவில் டால்ஸ்டாயைச் சந்தித்து, அறிவியலையும் அறத்தையும் பற்றி உரையாடினார். 1914 இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குச் செல்ல, ஆய்வுக்கூடம் வெறிச்சோடியது. இதயநோயால் நலிவுற்ற மெச்னிக்கோவ் 1916 ஜூலையில் பாரிசில் காலமானார். அப்போது இவருக்கு வயது 71. உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டது. ஓல்கா தம் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920 இல் வெளியிட்டார்.

இன்றைய நோயெதிர்ப்பியலில் விழுங்கணுக்கள்

மெச்னிக்கோவ் இறந்து பல பத்தாண்டுகள் வரை, பிறபொருளெதிரிகளைப் பற்றிய ஆய்வே நோயெதிர்ப்பியலில் முன்னிலை வகித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுங்கணுக்கள் மீண்டும் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றன. இன்றைய அறிவின்படி பாக்டீரியாத் தொற்று பின்வரும் படிநிலைகளில் எதிர்கொள்ளப்படுகிறது.

1. தோல் அல்லது சளிச்சவ்வைக் கடந்து பாக்டீரியா திசுக்களுக்குள் நுழைகிறது.

2. திசுக்களில் உள்ள பெருவிழுங்கணுக்கள், பாக்டீரியாக்களுக்கே உரிய மூலக்கூறுகளைத் தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் உணர்கின்றன. டோல் வகை ஏற்பிகள் இவற்றுள் முதன்மையானவை.

3. அவை வெளியிடும் சைட்டோகைன் என்னும் குறிப்புப் பொருள்களால் குருதிக்குழாய்கள் விரிகின்றன. சிவப்பும் வீக்கமும் சூடும் இதனால் தோன்றுகின்றன. நியூட்ரோஃபில்கள் குழாய்ச்சுவரைக் கடந்து அவ்விடத்துக்கு வந்து சேர்கின்றன.

4. விழுங்கப்பட்ட பாக்டீரியா உயிரணுவுக்குள் ஒரு பைக்குள் அடைபடுகிறது. செரிநொதிகள் கொண்ட லைசோசோம் அப்பையுடன் இணைகிறது. நொதிகளும் வினைமிக்க ஆக்சிசன் சேர்மங்களும் பாக்டீரியாவை அழிக்கின்றன.

5. கிளையுரு அணுக்கள் (டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள்) கிருமியின் துண்டுகளை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கு டி, பி நிணநீர் அணுக்கள் தூண்டப்பட்டு, அக்கிருமிக்கே உரிய பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. இவை கிருமியின் மீது படிந்து விழுங்கணுக்களின் பணியை எளிதாக்குகின்றன.

இவற்றுள் கிளையுரு அணுக்களைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டெயின்மனுக்கும், உடலின் இயல்பெதிர்ப்பு தூண்டப்படும் விதத்தை விளக்கிய ஜூல் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் ஆகியோருக்கும் 2011 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோய்க்கிருமிகளும் இத்தற்காப்பிலிருந்து தப்பும் வழிகளைப் பெற்றுள்ளன. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், வழுவழுப்பான உறையால் விழுங்கப்படுவதைத் தவிர்க்கிறது. லிஸ்டீரியா தன்னை அடைத்த பையைத் துளைத்து வெளியேறுகிறது. காசநோய்க் கிருமி லைசோசோம் பையுடன் இணைவதைத் தடுத்து, பெருவிழுங்கணுவுக்கு உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. லுட்மிலாவின் உயிரைப் பறித்த நோயின் கிருமி, மெச்னிக்கோவ் காவலாளிகளாகக் கண்ட அதே உயிரணுக்களையே தன் உறைவிடமாகக் கொள்கிறது. இக்கிருமிகள் அடங்கிய உயிரணுக்களைச் சூழ்ந்து பிற அணுக்கள் முடிச்சுகள் போலத் திரள்கின்றன. இம்முடிச்சு தொற்றைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்கலாம், அல்லது சிதைந்து நுரையீரலைப் பழுதாக்கலாம்.

உடலின் எதிர்ப்பு அளவு மீறும்போது அதுவே கேடாக மாறுவதும் உண்டு. குருதிநச்சேற்றத்தில் (செப்சிஸ்) உறுப்புகள் செயலிழப்பதற்குக் கிருமியுடன், கட்டுப்பாடு இழந்த எதிர்ப்பும் காரணமாகிறது. அழற்சி நன்மைக்கே என்னும் மெச்னிக்கோவின் முடிவு, இவ்வாறு சில வரம்புகளுடன் இன்று ஏற்கப்படுகிறது.

முதன்மையான நூல்கள்

• அழற்சியின் ஒப்பீட்டு நோயியல் பற்றிய விரிவுரைகள் (1892)
• தொற்றுநோய்களில் எதிர்ப்பாற்றல் (1901)
• மனிதனின் இயல்பு (1903)
• வாழ்நாள் நீடிப்பு (1907)

விருதுகளும் சிறப்புகளும்

• கார்ல் எர்ன்ஸ்ட் பான் பேயர் பரிசு (1867)
• லண்டன் வேத்தியல் கழகத்தின் அயல்நாட்டு உறுப்பினர் (1895)
• வேத்தியல் கழகத்தின் காப்ளி பதக்கம் (1906)
• மருத்துவத்துக்கான நோபல் பரிசு (1908)
• இவர் பேராசிரியராக இருந்து பதவி விலகிய ஒடெசாப் பல்கலைக்கழகம் இன்று இவர் பெயரால் வழங்கப்படுகிறது.